உளநலப் பிரிவில் முதல் நேர்காணல் மேசைக்குப் போடுகிறார்கள்: எதிலிருந்து தொடங்குவது?

குளக்கட்டு எழுதியது:

வணக்கம். வன்னியில் ஒரு வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. உளவியல் படித்தவள். இதுவரை பாடசாலைப் பிள்ளைகளோடு உளவளத்துணை வேலைதான் செய்தேன். இப்போது என்னைப் போடப்போவது, புதிதாக வருகிறவர்களை முதலில் பார்க்கிற மேசைக்கு. ஆளோடு கதைத்து, படிவம் நிரப்பி, இன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டுமா, உளவளத்துணை போதுமா, பிரதேச செயலகத்துக்கு அனுப்ப வேண்டியதா என்று பிரித்துவிட வேண்டும்.

படிவம் நான்கு பக்கம். கிளினிக் நாளில் ஒருவருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அறை என்று அவர்கள் சொல்வது, களஞ்சியத்துக்கு முன்னால் ஹாட்போட் அடித்துப் பிரித்த ஒரு மூலை.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் 'போர்க்கால அனுபவங்கள்' என்று ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. 2009-இல் எனக்கு எட்டு வயது. நானும் போர் முடிந்த அந்தக் கரையிலிருந்து வந்தவள்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் நாளே அதைக் கேட்க வாய் வருமா தெரியவில்லை. கேட்காமல் விட்டால் வேலையைச் செய்யவில்லை என்று ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது. இந்த வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

பாலைப்பழம் எழுதியது:

தங்கச்சி, வாழ்த்துகள். அந்த மேசையில் நான் பல வருடம் இருந்திருக்கிறேன், இப்போது வேறு பிரிவு. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

நான் முதலில் கேட்கிற கேள்வி உங்கள் நான்கு பக்கத்திலும் இருக்காது. "திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ்?" துணுக்காய்ப் பக்கமிருந்தோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயிருந்தோ வருகிறவர் அந்த பஸ்ஸை விட்டால் ஓட்டோவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பஸ் பதினொன்றரைக்கு என்று தெரிந்துவிட்டால், அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து இருப்பதைப் 'பதற்றம்' என்று எழுதி வைக்க மாட்டீர்கள். அதற்கடுத்து, "பிள்ளையளை ஆரிட்ட விட்டிட்டு வந்தனீங்கள்?" வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஆபத்துக்கு யார் ஓடி வருவார்கள் எல்லாம் இந்தக் கேள்விக்குள்ளே வந்துவிடும். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் பாதி அதிலேயே முடிந்தது.

கூட வருகிறவர் பாடு தனி. இங்கே தனியாக வருகிறவர்கள் குறைவு. தாய் வருவா, மாமி வருவா, சில வேளை ஊர்க் கிராம சேவகரே வந்து நிற்பார். நீங்கள் ஆளைப் பார்த்துக் கேட்பீர்கள், பதில் பக்கத்துக் கதிரையிலிருந்து வரும். 'கொஞ்சம் வெளியில இருங்கோ' என்றால் முகம் மாறும். பிறகு வீட்டில், "அவ உன்னட்ட என்ன கேட்டவ?" என்று விசாரணை நடக்கும். அதனால் நான் வேறு வழி வைத்திருந்தேன். முதலில் இருவரையும் இருத்திக் கதைப்பேன். பிறகு பிரஷர், நிறை பார்க்கவென்று ஆளைத் தாதியிடம் அனுப்பிவிட்டு, கூட வந்தவரோடு ஐந்து நிமிடம். ஆள் திரும்பியதும் கூட வந்தவரைக் கிளினிக் கொப்பி எடுக்கப் பதிவு மேசைக்கு அனுப்புவேன். எல்லோருக்கும் இதுதான் ஒழுங்கு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. வீட்டில் அடி விழுகிறது, மகன் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான், நுண்கடன்காரன் செவ்வாய்க்கிழமை படலையில் வந்து நிற்பான் என்ற கதையெல்லாம் அந்தத் தனி ஐந்து நிமிடத்தில்தான் வெளியே வரும். கடன் கதையை 'சமூகப் பிரச்சினை' என்று தள்ளிவிட வேண்டாம். கிழமைக் கட்டுப்பணத்துக்கு முதல் நாள் மட்டும் நித்திரை கொள்ளாத பெண்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நித்திரைக் குளிசை மட்டும் கொடுத்து அனுப்புவது வெட்கக்கேடு. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் யார், உளவளத்துணை உத்தியோகத்தர் யார், எந்தக் கிழமை வெளிக்களத்தில் நிற்பார்கள் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நேரில் போய் அறிந்து வையுங்கள். கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டால் அந்தப் பெண் அங்கே போய்ச் சேரமாட்டா. பெயரைச் சொல்லி அனுப்பினால் போவா.

வருகிறவர்கள் மனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நித்திரை இல்லை, நெஞ்சை அடைக்கிறது, உச்சி எரிகிறது, கை கால் உளைவு. ஒபிடியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், பனடோல் வாங்கி, ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்த பிறகுதான் உங்களிடம் வருவார்கள். அதற்காக நீங்களும் உடனே மனம்தான் என்று முடிவுகட்டக் கூடாது. தைரொயிட், இரத்தச்சோகை, சீனி பார்த்திருக்கிறார்களா என்று கொப்பியைப் புரட்டுங்கள். வன்னியில் இன்னும் இரண்டு கேள்வி கட்டாயம்: தலையில் அடிபட்டதா, உடம்பில் செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறதா. வலிப்பைப் பேய் என்று நம்பிக்கொண்டு கோயில் கோயிலாகத் திரிந்தவர்கள் உண்டு. உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் எம்ஆர்ஐ எழுத முதல் டொக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மனச்சோர்வை அளக்கிற பிஎச்கியூ-9 கேள்விகள் உங்கள் படிவத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வடிவாகப் பார்க்க வேண்டும். கணக்கு லேசு, கேட்கிறதுதான் பாடு. 'கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள்' என்று வாசித்தால், "எப்பவும் இப்பிடித்தான் பிள்ளை" என்று ஒரே பதில். நான் அமாவாசையைப் பிடித்துக்கொள்வேன். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு கிழமைதானே. விரதம் பிடிக்கிற அம்மாமாருக்கு அந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். வேதக்காரர் என்றால் போன ஞாயிறு பூசை, அதற்கு முந்தின பூசை. ஒன்பதாவது கேள்வி சாகிற நினைப்பைப் பற்றியது; மொத்தப் புள்ளி என்னவாக இருந்தாலும் அதன் பதிலைத் தனியாகப் பாருங்கள். அதில் 1 விழுந்தாலும் பேனையை வைத்துவிட்டுக் கதைக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்க வேண்டாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று புதிதாக வருகிற எல்லோரும் பயப்படுவார்கள். அப்படி ஊட்டப்படுவதில்லை. கேட்டதும் பெருமூச்சு விட்டு அழுகிறவர்கள்தான் அதிகம். நான் படிப்படியாகப் போவேன்: "இருந்து என்ன செய்யிறது எண்டு நினைக்கிறனீங்களோ?" பிறகு, "சாக வேணும் எண்டு நினைப்பு வந்ததோ?" பிறகு எப்படி என்று யோசித்தாரா, இன்றைக்கும் அந்த நினைப்பு இருக்கிறதா, முன்னர் ஏதாவது செய்துகொண்டாரா, வீட்டில் இரவில் யார் பக்கத்தில். கடைசியாக, வயல் மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள்? கமக்காரக் குடும்பத்தில் அந்தக் கேள்வியை விடவே கூடாது. கூட வந்தவரிடம் சொல்லி அந்தப் போத்தல்களை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். இது சின்ன வேலை இல்லை. 1995-இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் போனார்கள். அந்தக் காலத்தில் மிக நச்சான பூச்சிமருந்துகளைத் தடை செய்ததும் பத்து வருடத்துக்குள் அது பாதியாகக் குறைந்தது. நஞ்சு கைக்கெட்டவில்லை என்றால் அந்த நேரத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

பொலிசுக்குப் போகுமோ என்ற பயத்தில் மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998-க்குப் பிறகு இங்கே குற்றம் இல்லை. அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். கொப்பியின் பின்மட்டையில் 1926 என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம். இன்றைக்கும் அந்த நினைப்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் பஸ், படிவம் எல்லாம் பிறகு. எழும்பிப் போய் டொக்டரைக் கூப்பிடுங்கள், ஆளைத் தனியே விட்டுப் போகாமல் தாதியை இருத்திவிட்டு.

இனி உங்கள் பெட்டி. என் கருத்து: முதல் நாள் போரைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரைக்கு ஆலோசகர்கள் சாரைசாரையாக வந்தார்கள். ஒரே தாயிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். சம்பவம் நடந்த கையோடு எல்லாவற்றையும் கொட்ட வைக்கிற அந்த முறை வேண்டாம் என்று இப்போது உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்கள் இருபது நிமிடத்தில் ஒருவரைத் திறந்துவிட்டால் மூடி அனுப்ப நேரம் இராது. அவர் அதோடு பஸ் ஏறி, இருட்டின வீட்டுக்குப் போக வேண்டும். நித்திரையைக் கேளுங்கள், என்ன கனவு வருகிறது என்று கேளுங்கள், சத்தம் கேட்டால் எப்படி என்று கேளுங்கள். சொல்ல நினைக்கிறவர் அந்த வழியால் தானே வருவார். பெட்டியில் 'பின்னர்' என்று எழுதி விடுங்கள். மேலிடத்தில் யாரும் கேட்டால் அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம்.

இன்னொரு பெட்டி இதைவிடச் சிக்கல்: மணமானவர், விதவை, பிரிந்தவர். போர் முடிவில் கணவரை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்த பெண் எதில் புள்ளடி போடுவா? விதவை என்று நீங்கள் போட்டுவிட்டால் அன்றோடு முடிந்தது, அந்தப் பெண்ணை இனிக் கிளினிக்கில் காணமாட்டீர்கள். நான் பெட்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுவேன்: 'கணவர் 2009 மே முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்.' 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுப் போராட்டம் இருக்கத் தொடங்கிய தாய்மார் ஏன் மரணச் சான்றிதழ் வேண்டாம் என்றார்கள் என்பது விளங்கினால் இந்தப் பெட்டியும் விளங்கும். மரணச் சான்றிதழ் எடுக்காமலே 'காணாமற்போனமைச் சான்றிதழ்' எடுத்துச் சில கொடுப்பனவு, காணி அலுவல்களைப் பார்க்கலாம் என்று 2016-இல் சட்டம் வந்தது. கேட்கிறவருக்குச் சொல்லுங்கள். நீங்களாக எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம், அதையும் சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட துக்கத்தை நோய் என்று எழுதலாமா என்று எனக்குள் எப்போதும் ஒரு சண்டை உண்டு. சாப்பிடுகிறாவா, சமைக்கிறாவா, பிள்ளையைப் பள்ளிக்கு விடுகிறாவா என்று பார்த்து எழுதுவேன். நோயின் பெயரை டொக்டர் போடட்டும்.

எழுதுவதில் இன்னும் ஒன்று. யார் எந்த இயக்கத்தில், எத்தனை வருடம், எந்தப் பிரிவு என்பது கோப்பில் வேண்டாம். 2009-க்குப் பிறகு ஏறக்குறைய 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களால் வந்தவர்கள். அவர்களில் யாராவது உங்கள் மேசைக்கு வருவது சாதாரணம். வைத்தியத்துக்கு வேண்டியது தலைக்காயம், கால் இல்லாதது, நித்திரை, குடி. கோப்பு அடுக்கு திறந்துதான் கிடக்கும், பூட்டு இருந்தாலும் திறப்பு அதிலேயே தொங்கும்.

கோயில், மந்திரித்துக் கட்டிய நூல், செய்வினை: சண்டைக்குப் போக வேண்டாம். நூலை அவிழ்க்கச் சொல்லாதீர்கள், நூல் கட்டியவர் குளிசையை நிறுத்தச் சொன்னாரா என்று மட்டும் கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாளில் கிளினிக்கைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள், அன்று படிவங்களை ஒழுங்குபடுத்தலாம்.

ஆளை அனுப்பமுதல் போன் இலக்கம். அது யாருடைய போன்? நான் எடுத்தால் வேறு யாராவது தூக்குவார்களா? தூக்கினால் என்னை யார் என்று சொல்ல? 'ஆசுப்பத்திரியிலிருந்து' என்பது சில வீட்டில் பிரச்சினை, 'தையல் வகுப்பு அக்கா' என்று சொல்லச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். இதை ஒரு வரியில் எழுதி வைத்தால்தான், வராமல் போனவரை அடுத்த கிழமை தேடலாம். நீங்கள் அதே ஊர் என்றபடியால் இதையும் சொல்லிவிடுங்கள்: "சந்தையில கண்டா நான் முதல் கதைக்க மாட்டன். நீங்கள் கதைச்சா கதைப்பன்." அதைக் கேட்டதும் தோள் இறங்குவதை நீங்களே காண்பீர்கள்.

---

வவுனியாத் தாதி எழுதியது:

பாலைப்பழம் அக்கா எழுதியது பெரும்பாலும் சரி. போர் விடயத்தில் மட்டும் நான் உடன்படமாட்டேன். போருக்குப் பிறகு சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களிலிருந்து ஆட்கள் வந்த காலத்திலேயே நான் வார்ட்டில் நின்றவள். நாம் கேட்காமல் விட்டால், இந்த இடத்தில் அதைக் கதைக்கக்கூடாது போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வருடக்கணக்காக நெஞ்சுநோ என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வந்து போனவர்களை எனக்குத் தெரியும். கதையைக் கேட்க வேண்டாம், சரி. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். நான் சொல்கிறது இப்படித்தான்: "இஞ்ச வாற கனபேர் சண்டைக்குள்ளால வந்தவை. அதப்பற்றியும் இஞ்ச கதைக்கலாம். இண்டைக்கு எண்டில்லை, உங்களுக்கு எப்ப ஏலுமோ அப்ப." அரை நிமிடமும் எடுக்காது.

மே மாதம் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் பதினெட்டாம் தேதிக்கு முன்னும் பின்னும் நித்திரையில்லை என்று வருகிறவர்களின் குளிசையைக் கூட்ட முதல் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று, 'புதியவர்' என்று வருகிறவர்களில் நல்ல பங்கு புதியவர்களே இல்லை. முன்னர் தெல்லிப்பழையிலோ வவுனியாவிலோ மருந்து எடுத்து, இடம்பெயர்வில் கொப்பி தொலைந்து, அப்படியே விட்டவர்கள். மருந்தின் பெயர் ஞாபகம் இராது. "மாதத்துக்கு ஒருக்கா இடுப்பில ஊசி போட்டவையோ?" என்று கேளுங்கள், தாய்க்கு அது ஞாபகம் இருக்கும். குளிசையின் நிறம், கை நடுங்கியதா, வாயூறியதா என்பதும். டொக்டருக்கு அதுவே பெரிய உதவி. பிள்ளை பெற்று ஒரு வருடத்துக்குள் வருகிற தாய் என்றால், அந்தப் பகுதி குடும்பநல மாதுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் மாதக்கணக்கில் அறிய வேண்டியது அவவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

---

முள்ளியவளை மகன் எழுதியது:

நான் வேலை செய்கிறவன் இல்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவன். அந்தக் கதிரையில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். எந்த வைத்தியசாலை என்று எழுதவில்லை.

முதல் நாள் அம்மா தம்பியின் கதையை மூன்று பேருக்குச் சொன்னா. பதிவில் இருந்தவர் கேட்டார், பிறகு ஒரு மிஸ், பிறகு டொக்டர். மூன்றாவது தடவை அம்மா என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டா. அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று நின்றா. நீங்கள் கேட்டு எழுதியதை டொக்டர் வாசித்தால் போதும்தானே? வாசிக்க நேரமில்லை என்றால் ஆள் உள்ளே வரமுதல் நீங்கள் இரண்டு வரி சொல்லுங்கள்.

காத்திருக்கிற வாங்கு ஒபிடி வரிசைக்கு நேர் எதிரே. மேலே 'மனநோய்ப் பிரிவு' என்ற பெரிய போட். ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தா. போட்டை மாற்ற உங்களால் ஏலாது, வாங்கைத் திருப்பிப் போடலாம்.

எவ்வளவு நேரம் செல்லும், இன்றைக்கு என்ன நடக்கும், மருந்து தருவார்களா, மறித்து வைப்பார்களா என்று உள்ளே வந்தவுடனே சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்கு இருக்கிற முதல் பயம் மறித்து வைப்பார்களோ என்பதுதான், அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

---

ஈஸ்ட்ஹாம் தங்கச்சி எழுதியது:

நான் மாங்குளத்தில் பிறந்து இப்போது லண்டனில், இதே முதல் மதிப்பீட்டு வேலை, என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவையின் டோக்கிங் தெரபீஸ் என்கிற பேச்சுச் சிகிச்சைப் பிரிவில். இங்கே பெரும்பாலும் தொலைபேசியில்தான். பிஎச்கியூ-9, பதற்றத்தை அளக்கிற ஜிஏடி-7 இரண்டையும் ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டும். நூற்றுக்கு 75 பேருக்கு 6 கிழமைக்குள், 95 பேருக்கு 18 கிழமைக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இலக்கு வைத்து அளப்பார்கள். அதனால் கேட்கிற குரலைவிடத் திரையில் இருக்கிற பெட்டிதான் பெரிதாகிவிடும். பஸ் நேரம் கேட்கலாம் என்று பாலைப்பழம் அக்கா எழுதியதை வாசித்துப் பொறாமைப்பட்டேன்.

மொழிபெயர்ப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதற்காகத்தான் வந்தேன். நாங்கள் இங்கே மொழிபெயர்ப்பாளரோடு தினமும் வேலை செய்கிறோம். உங்களுக்கு இரண்டு வேலையும் ஒரே ஆளுக்கு என்பதுதான் கஷ்டம். டொக்டருக்கு முன்னால் இருக்கும்போது நீங்கள் நேர்காணல் செய்தவர் இல்லை, வெறும் குரல். வந்தவர் 'எனக்கு' என்றால் நீங்களும் 'எனக்கு' என்றே சொல்லுங்கள், 'அவவுக்காம்' என்று வேண்டாம். நீட்டிச் சொன்னதைச் சுருக்காதீர்கள். சுருக்கும்போது போவது பெரும்பாலும் முக்கியமானதுதான். விளங்காத பேச்சு என்றால் விளங்காதபடியே சொல்லுங்கள். பேச்சு கோர்வையில்லாமல் இருப்பதே டொக்டருக்கு ஒரு அடையாளம், நீங்கள் ஒழுங்காக்கிக் கொடுத்தால் அதைக் காணமாட்டார். உங்களைப் பார்க்காமல் வந்தவரைப் பார்த்துக் கேட்கச் சொல்லி டொக்டரிடமும் சொல்லி வையுங்கள், முதலில் நீங்கள் இருவரும் பழக வேண்டும். பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள். இங்கே பத்து வயதுப் பிள்ளை தாயின் நோயைச் சொல்லிக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அங்கே நீங்கள் லீவு என்றால் அதுதான் நடக்கும், முன்கூட்டியே வேறு ஒருவரைப் பழக்கி வையுங்கள்.

---

குளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போன் இலக்க விடயமும் ஊசிக் கேள்வியும் எனக்குத் தோன்றியே இராது. இரண்டு கேள்வி இன்னும். ஒருவர் வாயே திறக்காவிட்டால்? அடுத்தது, கேட்கிற கதை என்னுடைய கதையாகவே இருந்தால்? நான் அழுதுவிடுவேன் என்று பயம்.

---

பாலைப்பழம் எழுதியது:

முதலில் தாதிக்கு: நீங்கள் சொல்கிற அந்த இரண்டு வசனமும் நல்லது, எடுத்துக்கொள்கிறேன். பெட்டியை நிரப்பக் கேட்பதைத்தான் நான் இன்னும் எதிர்க்கிறேன்.

தங்கச்சி, வாய் திறக்காதவர்களில் பல வகை. சிலருக்கு வெட்கம், சிலர் கூட வந்தவருக்குப் பயம், சிலருக்குக் காதில் வேறு குரல் கேட்டுக்கொண்டிருக்கும், சிலர் நாட்கணக்காகச் சாப்பிடவில்லை. கடைசி இரண்டும் அவசரம். கண் எங்கே போகிறது, தனக்குள் சிரிக்கிறாரா, உதடு காய்ந்திருக்கிறதா, உடுப்பு யார் உடுத்திவிட்டது என்று பாருங்கள். தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், குடிக்கிறாரா என்பதும் தகவல்தான். வாயால் வராததை எழுதக் கூடாது என்று எந்தப் படிவமும் சொல்லவில்லை. அப்படி இருக்கிறவரை அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லி அனுப்பாதீர்கள், அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும். வெட்கம் மட்டும் என்றால் பேசாமல் நீங்களும் கொஞ்ச நேரம் இருங்கள். வயல் எப்படி, இந்தக் காலபோகம் என்ன விதைத்தீர்கள் என்று தொடங்கினால் ஆண்கள் வருவார்கள். அறுவடை நாளில் யாரையும் கிளினிக்குக்கு வரச் சொல்லித் தேதி போடாதீர்கள், வரமாட்டார்கள். பிறகு நீங்கள் 'ஒத்துழைப்பில்லை' என்று எழுதுவீர்கள்.

அழுகை வந்தால் வரட்டும். கண் நிறைந்ததற்காக யாரும் எழும்பி ஓடியதை நான் காணவில்லை. உங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினால்தான் பிழை, அப்போது அவர் உங்களைத் தேற்ற வேண்டி வரும். எட்டு வயதில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று யாராவது நேராகக் கேட்டால், "நானும் அங்கதான் நிண்டனான்" என்று ஒரு வரி போதும், திரும்பவும் அவருடைய கதைக்கு வந்துவிடுங்கள். சில கதை தாங்காது. அப்படியானவரை வேறு ஒருவரிடம் மாற்றிவிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதைப் பிரிவுப் பொறுப்பாளரிடம் சேரும் நாளிலேயே பேசி வையுங்கள், பிறகு கேட்டால் நழுவுகிறாள் என்பார்கள். மாதத்தில் ஒருநாளாவது டொக்டரோடோ மூத்தவர் ஒருவரோடோ இருந்து கேஸ்களைக் கதைக்க நேரம் கேளுங்கள். தரமாட்டோம் என்று சொல்லமாட்டார்கள், தள்ளிப் போடுவார்கள். தேதியை நீங்களே கலண்டரில் எழுதிவிடுங்கள்.

உங்கள் ஹாட்போட் மூலையைப் பற்றி: அறை மாற்றித் தாருங்கள் என்று கடிதம் எழுதினால் பதில் வர அடுத்த மழைக்காலம் ஆகும். களஞ்சியப் பொறுப்பாளரோடு பழகுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு கதிரை எடுங்கள், மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பக்கவாட்டில் இருங்கள், ஆளின் முகம் வாசலைப் பார்க்கக் கூடாது. பழைய மேசைவிசிறி ஏதும் கிடந்தால் அதையும் எடுத்து ஹாட்போட் பக்கமாக வையுங்கள். கடகடவென்று சத்தம் போடுகிற விசிறி என்றால் திருத்தக் கொடுக்க வேண்டாம், அந்தச் சத்தத்தில் உள்ளே கதைப்பது வாங்கில் இருக்கிறவர்களுக்குக் கேட்காது.